டிக்கெட் கவுன்டர் அம்மாவின் இடது கண்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, உனக்கும் அங்கே அப்படித்தான் இருக்க வேண்டும். மனசைப் பற்றி நான் விசாரிக்கவில்லை, அதைப் பற்றித்தான் நீ போனில் ஒரு மணி நேரம் வகுப்பே எடுத்துவிட்டாயே.

படம் வரைகிறவர்களுக்கென்று நீ அனுப்பிய மைண்ட்ஃபுல்னெஸ் ஆடியோ பாடத்தைக் கேட்டுத் தொலைத்தேன். பிரஷ்ஷைத் தொடும் முன் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டுமாம், மனசு ஓடினால் திட்டாமல் கூட்டி வர வேண்டுமாம், அப்போதுதான் படத்தில் உயிர் வருமாம். மூடினேன். பாடம் முடிகிற மணிச் சத்தத்தில் விழித்துப் பார்த்தால் கலந்து வைத்த பழுப்பு பெயின்ட் காய்ந்து கட்டியாகியிருந்தது. "அறுபத்தெட்டு வருஷமா மூச்சு விட்டவருக்கு இப்பத்தான் டியூஷனா" என்று உன் அம்மா சிரித்த சிரிப்பு தெரு முனை வரை கேட்டிருக்கும். முப்பத்தொரு வருடமாகச் செயற்கைக் கண்ணுக்குக் கருவிழி வரைகிறேன், யாரிடமும் போய் நின்று கற்றதில்லை, எனக்கா பாடம்?

அந்த எரிச்சலில் இருக்கும்போதுதான் ரயில் நிலைய டிக்கெட் கவுன்டர் அம்மா வந்தார். இடது கண் போய் எட்டு மாதம். கண்ணில் கட்டோடு வந்தால் கவுன்டரில் உட்கார முடியாது, பின் அறையில் கோப்பு அடுக்கத்தான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். பழுப்புக் கண் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஒரு பார்வை பார்த்து வரைந்து கொடுத்தேன். போட்டுப் பார்த்தவர், "இது என் கண்ணு இல்லைங்க, யாரோ உள்ளேருந்து முறைக்கிறாங்க. நான் கோப்பே அடுக்கிக்கிறேன்" என்று கழற்றி வைத்துவிட்டார்.

விடுவேனா? தப்பு அவருடையது என்று நிரூபிக்கவே ஜன்னலோரம் உட்கார வைத்து, பிரஷ்ஷை எடுக்காமல், பூதக்கண்ணாடியில் அவருடைய வலது கண்ணைப் பத்து நிமிடம் பார்த்தேன். தெருவில் ஹார்ன் சத்தம், அவர் சிமிட்டிக்கொண்டே இருந்தார், எனக்குக் கோபம் வந்தது, வந்ததைப் பார்த்தேன், போய்விட்டது. இதைத்தான் அந்தப் பாடத்து டீச்சர் சொன்னார் என்று நீ துள்ளாதே. ஐந்தாம் நிமிடத்தில் பழுப்பின் கீழ் ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு கீற்று தெரிந்தது. விளிம்பில் சாம்பல் வளையம். வெள்ளை வெள்ளையே இல்லை, பழைய காகித நிறம். மேல்பூச்சைத் தேய்த்தெடுத்து மறுபடி வரைந்தேன். கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றவர், "இதை முதல்லயே பண்ணியிருந்தா எனக்கு ரெண்டு பஸ் மிச்சம்" என்று திட்டிவிட்டுப் போனார். திங்கட்கிழமை உன் அம்மாவை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னேன். கவுன்டரில்தான் இருந்தாராம், சில்லறை இல்லை என்று இவளையும் திட்டினாராம்.

மணியும் மூச்சும் இல்லாமல் நடந்தது இது. பாடத்தை அழித்துவிட்டேன், இன்னொன்று அனுப்பாதே.

அன்று சாயங்காலம் மிச்சப் பெயின்டில் உன் அம்மாவின் கண்ணை நினைவிலிருந்து வரைந்தேன், வந்தது. உன்னுடையதை மூன்று தடவை வரைந்தேன். மூன்றும் யாரோ முறைக்கிற கண்.

நன்றாக இரு, நீயும் கை ஓயாமல் படம் வரை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, மறக்காதே. வெளிச்சம் முகத்தில் விழ ஜன்னலோரம் உட்கார். பத்து நிமிடம், பேசக் கூடாது.

உன் அப்பா