முதலாளி எடைக்கு ஓர் ஆள்

துபாய்,
9.7.2002

அம்சவேணிக்கு,

உன் இருமல் நின்றதா? மாமாவுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

நேற்று முதலாளி வீட்டில், மணலில் ஓட்டும் பக்கி வண்டிக்குப் பின்பக்க ஸ்பிரிங்கைச் சரிசெய்தோம். ஓட்டுகிற முதலாளியின் எடை சீட்டில் இருந்தால்தான் உயரம் சரியாக அமையும். அந்த மனுசன் வெயிலுக்கு வரமாட்டாராம். கொல்லிமலை ஜீப்புக்கெல்லாம் ஸ்பிரிங் பட்டை மாற்றிய என்னை ஏற்றி உட்காரவைத்தார்கள். "அசையாம உக்காரு சாமி, அரிசி மூட்டை அசையுமா?" என்று சிரித்தார் மேஸ்திரி, சேந்தமங்கலத்து சாமியப்பன். சீ, என்ன பிழைப்பு இது.

எடை போதாமல் மடியில் அரிசிப் பையும் வைத்தார்கள். போன வருடம் நான் உட்கார்ந்தபோது ஒரு பை போதுமாக இருந்தது, இப்போது மூன்று. முதலாளி அவ்வளவு பெருத்துவிட்டார்.

நம் காட்டு மிளகு கொஞ்சம் அனுப்பு. வேலைக்குப் போக வேன் வந்துவிட்டது. தீபாவளிச் சட்டைக்குப் பழைய அளவைக் கொடுக்காதே, இரண்டு அங்குலம் குறைத்துத் தைக்கச் சொல். இங்கே எல்லாரும் பிடிப்பாகத்தான் போடுகிறார்கள்.

அர்த்தனாரி