பிரசவ அறையில் ஐந்தாவது ஆள்

ஆகஸ்ட் 6, புதன்

அம்மா முறுக்கிக்கொண்டு திரிகிறாள். காரணம், விருதுநகர் ஆஸ்பத்திரியில் நேற்று டாக்டர் சொர்ணலட்சுமி கேட்ட ஒரு கேள்வி. “பிரசவத்தப்ப கூட யாரு இருக்கப் போறா? ஒருத்தருக்குத்தான் அனுமதி.” அம்மா வாயெடுப்பதற்குள் நான் “எங்க வீட்டுக்காரர்” என்று சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் ஆரம்பித்தாள். “பெத்தெடுக்கிற எடத்துல ஆம்பளைக்கு என்னடி சோலி? ஊரு சிரிக்கும்.”

சிரிக்கட்டும். முதுகில் ஊசி குத்தி மெல்லிய குழாய் விடப்போவது எனக்கா, ஊருக்கா? எபிடூரல் போட்டால் பெரிய வலி தெரியாதாம். ஆனால் ஊசி இறங்கும்போது குனிந்து அசையாமல் உட்கார வேண்டும், முன்னால் ஒருவர் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரத்தம் எடுக்கிற ஊசிக்கே கட்டிலைச் சுற்றி ஓடியவள் நான். இவர் பிடித்தால்தான் உட்காருவேன். அம்மா என்றால் அவள் முதலில் அழுவாள், நான் அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இவர் விஸ்வநத்தத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தார். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வீட்டுக்கும் போர்மேன்தான். எங்கள் கல்யாணத்தன்று குத்துவிளக்கு எரிகிறதென்று மேடைக்குப் பக்கத்தில் மணல் வாளி வைக்கச் சொன்ன மனிதர். போன மாதம் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் கேட்ட ஒரே சந்தேகம், “இந்த மருந்து தீப்பிடிக்குமா டாக்டர்?”

இன்றைக்கு ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும் என்றார். நான் கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார, இவர் தோளைப் பிடிக்க, அப்பாதான் டாக்டர். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டு வந்தார். “கூச்சப்படாம குத்துங்க மாமா” என்கிறார் இவர். அடுப்படியிலிருந்து அம்மா மூன்று பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

ஆகஸ்ட் 11

ஈர்க்கு குத்திய இடம் அரிக்கிறது. அப்பாவுக்கு டாக்டர் வேலை சரிப்படாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சீசன் உச்சத்தில் இருக்கிறது. தீபாவளி லோடு போகும்வரை லீவு என்ற பேச்சே கிடையாதாம். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் கொடுத்துவிட வேண்டும். அப்படியென்றால் எனக்கு வலி வந்தது இவருக்கு எப்படித் தெரியும்?

“வாட்ச்மேன் முனியசாமி அண்ணன்ட்ட சொல்லிருக்கேன். போன் அடிச்சா உடனே வந்து சொல்வாரு.”

எது, அந்த நாற்காலியில் வாய் பிளந்து தூங்குகிற முனியசாமி அண்ணனா? பயமா இருக்கு. கடைசியில உள்ள ஒத்தையிலதான் கெடக்கப் போறேனா?

செப்டம்பர் 12, வெள்ளி

நேற்று பெற்றுவிட்டேன். பெண். சரியாக உட்கார முடியவில்லை, இருந்தாலும் இதை எழுதாவிட்டால் பிறகு நானே நம்பமாட்டேன்.

காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது வலி பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அம்மா போன் போட்டாள். முனியசாமி அண்ணன் எடுத்தும்விட்டார். ஆனால் கம்பெனிக்குள் யாரும் ஓடக் கூடாதென்று இவரே சட்டம் போட்டிருக்கிறார். அதனால் அவர் நடந்தே போய்ச் சொல்லியிருக்கிறார். இவரும் நடந்தே கேட்டுக்கு வந்திருக்கிறார். ஓடியது என் வலி மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் வந்து நின்ற கோலம்! தலை முதல் கால் வரை அலுமினியப் பொடி. வெள்ளிக் கவசம் சாத்திய சாமி மாதிரி மின்னிக்கொண்டு நிற்கிறார். நர்ஸ் அலறிப்போய்க் குளிக்க அனுப்பினாள். பச்சை அங்கியில் திரும்பி வந்தபோதும் காது இரண்டும் ஜொலித்தன.

நான் குனிந்து உட்கார்ந்தேன். முதுகில் மருந்து தடவியாயிற்று. இவர் முன்னால் வந்து தோளைப் பிடித்தார். அப்பாடா என்றிருந்தது. உடனே தலையைத் தூக்கி அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். டாக்டர், மயக்க டாக்டர், நர்ஸ், நான்.

“நாலு பேரு ஆச்சு. நான் அஞ்சாவது” என்றார்.

வெடிமருந்து கலக்கிற அறையில் நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாது, ஐந்தாவது ஆள் வெளியே போய்விட வேண்டும். அது அவர்கள் கம்பெனியில்! இங்கே, முதுகைத் திறந்துபோட்டு நான் உட்கார்ந்திருக்கும்போது, கையை எடுத்துவிட்டு, பின்பக்கமாகவே நடந்து, கதவையும் பதனமாகச் சாத்திவிட்டுப் போயே போய்விட்டார்.

மயக்க டாக்டர் ஊசியும் கையுமாக நிற்கிறார். “எங்கம்மா போறாரு?”

அடுத்த வலி வந்தது. எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ, “ஏலே மணிமுத்து! உள்ள வாலே!” என்று கத்திவிட்டேன். கட்டின புருஷனை. வராண்டாவே திரும்பிப் பார்த்ததாம். கதவைத் திறந்து அவரை உள்ளே தள்ளியது யார்? அம்மா! “போங்க மாப்ள, புள்ள கூப்பிடுதுல்ல!”

வந்து பிடித்தார். பிடித்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்குகின்றன. காதோரமாகச் சொன்னார். “கை நடுங்குது அருணா. கம்பெனில கை நடுங்குற ஆளை அன்னைக்கு உள்ளயே விடமாட்டோம். என்னால ஒனக்கு எதுவும் ஆயிருச்சுன்னா?”

அந்த நிமிஷமே கோபமெல்லாம் போய்விட்டது. கணக்கெல்லாம் சாக்கு, மனிதர் பயந்துபோயிருக்கிறார். “நடுங்குங்க. ஆனா இங்கன நின்னு நடுங்குங்க” என்றேன்.

நின்றார். ஊசி இறங்கியது. நடுங்கியது அவர், அசையாமல் இருந்தது நான்.

சாயங்காலம் பிள்ளை பிறந்தபோது அறையில் எத்தனை பேர் இருந்தோம் என்று அவர் எண்ணவில்லை. கண்ணீர் மறைத்தால் எப்படி எண்ணுவார்?

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருக்கிறது. பிள்ளைக்கு இன்று ஒன்றரை மாத ஊசி.

அந்தச் சின்னத் தொடையில் நர்ஸ் பஞ்சால் துடைத்ததுமே எனக்குக் கண் இருட்டியது. பிள்ளையை இவர் மடியில் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்துவிட்டேன். எனக்கு முன்பே அம்மா ஓடிவந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

உள்ளே மகள் வீறிட்டு அழுதாள். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். இவர் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பிடியை விடவில்லை.

“அப்பா இங்கனதான் இருக்கேன், தாயி. எங்கயும் போகல.”