மாத்தாள் இல்லாத கடை

என் பிரியமுள்ள வாப்பாவுக்கு,

நீங்கள் அடங்கியிருக்கும் கபுருக்கு ஸலாம் சொல்லிவிட்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். அங்கே நின்று சொல்ல வாய் வரவில்லை.

கொழும்புக் கடைக்கு நீங்கள் வைத்த முறை ஞாபகம் இருக்கிறதா? நானும் தம்பி சாகுலும் மாறி மாறிக் கடல் கடந்து சபர் போக வேண்டும். ஒருவன் இரண்டு வருடம் அங்கே கைலி விற்றால், மற்றவன் கீழக்கரையில் குடும்பத்தைப் பார்ப்பான். மாத்தாள் வந்து சாவியை வாங்கினால்தான் இருப்பவன் கப்பல் ஏறலாம். "கடை ஒரு நாளும் பூட்டிக் கெடக்கக் கூடாதுப்பா" என்று மவுத்தாகும் முன்பும் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன்.

இந்த முறை போக வேண்டியவன் நான். பட்டணத்துக்குப் போய் விசா கேட்டேன். "கடையிலதான் ஒங்க தம்பி இருக்காரே, ரெண்டாவது ஆள் எதுக்கு?" என்றார் அதிகாரி. "ரெண்டாவது ஆள் இல்லீங்க, மாத்தாள்" என்றேன். அவருக்கு அது விளங்கவே இல்லை. புது ஆளுக்கு அனுமதி கிடையாதாம். தம்பி புறப்பட்டு வந்தால் அவனும் திரும்ப நுழைய முடியாதாம். வியாபாரமெல்லாம் இனி அந்த நாட்டுக் குடிமக்களுக்குத்தானாம்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யாரைத் திட்ட? நமக்குச் சுதந்திரம் வந்தபோது தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தவர் நீங்கள். தங்கள் பிள்ளைகள் கடை வைக்க வேண்டும் என்று அவர்களும் நினைக்க மாட்டார்களா? நமக்குச் சோறு போட்ட ஊர் திடீரென்று வெளிநாடாகிப் போனதை எங்கே போய்க் கேட்பது, வாப்பா?

பக்கத்துக் கடைக்காரர் அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டாளியாக்கிப் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டார். தம்பி வேறு வழி சொல்கிறான். அந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு அங்கேயே இருந்துவிடுகிறானாம். "காக்கா, இது வாப்பா கடை. நான் விட மாட்டேன்" என்று, ஒரேயடியாக ஊர் திரும்பிய ஒருவரிடம் அண்ணனான எனக்குச் சொல்லி அனுப்பினான்.

அவன் போகும்போது வயிற்றிலிருந்த பிள்ளை இப்போது ஓடி விளையாடுகிறது. அவன் மனைவி ஜெய்னம்புவிடம் விஷயத்தைச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். "கடைக்கு மாத்தாள் தேடி அலையிறீகளே மச்சான், எம் புள்ளையோட வாப்பாவுக்கு மாத்தாள் உண்டுமா?"

எழுந்து வெளியே வந்துவிட்டேன். நேராகப் போய்த் தந்தி கொடுத்தேன், சரக்கை விற்றுவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு வா என்று. வருகிறேன் என்று நேற்றுப் பதில் வந்துவிட்டது.

உங்களுக்குத் தலையாட்டியவனே வாக்கை மீறிவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள். இனி எதை வைத்துப் பிழைப்பாய் என்று கேட்டால் கையைத்தான் விரிப்பேன். பயமாக இருக்கிறது வாப்பா.

ஆனால் ஒன்று. ஒருவன் வந்தால் ஒருவன் போக வேண்டும் என்ற முறையால், நாங்கள் ஆளான பிறகு ஒரு பெருநாள்கூட ஊரில் சேர்ந்து இருந்ததில்லை. உங்கள் ஜனாஸாவைத் தூக்கி அடக்கவும் மகன்களில் நான் ஒருவன்தான் இருந்தேன். இன்ஷா அல்லாஹ், வருகிற பெருநாள் தொழுகை முடிந்ததும் உங்களிடம் இரண்டு பேரும் வருவோம்.

கடையைப் பூட்டச் சொன்ன உங்கள் மூத்த மகன்,
சுல்தான்