உன் சீடைப் பல்

இன்று காலை கணினியில் ஒரு மண்டையோட்டைத் திறந்தேன். மேல்வரிசை முன்பல்லின் ஓரம் சாய்வாக உடைந்திருந்தது. கையிலிருந்த டீ மேசையில் கொட்டிவிட்டது. அது உன் பல்லடி. அது உடைந்தபோது பக்கத்தில் இருந்தவள் நான்தானே!

மெல்லும்போது மண்டையின் எந்த எலும்பில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று ஸ்கேன்களை வைத்துக் கணக்குப் போடுவதுதான் நம் இருவருக்கும் வேலை. ஸ்கேனுக்கு எண் மட்டும் உண்டு, பெயர் கிடையாது. கோகுலாஷ்டமிக்கு மறுநாள் டாலிகஞ்ச் வீட்டிலிருந்து நீ சீடை கொண்டுவந்தாய். "நம்ம சீடையை நசுக்கிப் பாப்போம்டி" என்று அழுத்தச் சோதனை இயந்திரத்தில் வைத்தாய். அது நொறுங்கிய விசையையே கடிக்கும் விசையாகக் கணக்கில் போட்டோம். இயந்திரத்தை நம்பாமல் முன்பல்லால் ஒன்றைக் கடித்து, பல்லின் ஓரத்தைத் துப்பியவளும் நீதான். அன்றிலிருந்து வங்காளிச் சகாக்கள் சீடையைத் தொடாமல், தங்கள் மெத்தென்ற சந்தேஷ் இனிப்போடு நிறுத்திக்கொண்டார்கள்.

நீள முகத்தில் கன்ன எலும்பு கூடுதலாகத் திணறும் என்பது என் கட்சி. "எந்த மூஞ்சியா இருந்தா என்ன? பெரிய வித்தியாசம் வராது, பாரு" என்பாய். உன்னைப் போல அவ்வளவு நீள முகம் நம் சேகரிப்பில் ஒன்றுகூட இல்லாததால் சண்டை தீரவே இல்லை.

உன் கணவருக்குப் போன் செய்தேன். "தலைக்கு எடுத்த ஸ்கேன்தான். கடைசி மாசத்துல அவளே உங்க சேகரிப்புக்குக் குடுத்தனுப்பினா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னா. சொன்னா அதைத் தொடவே மாட்டீங்களாம்."

பாவி! ஆஸ்பத்திரியில் நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தபோது மனசுக்குள் இதைத்தானா நினைத்துக்கொண்டிருந்தாய்? உன்னை எரித்து, சாம்பலைக் கங்கையில் கரைத்தாயிற்று. இங்கே ஒரு எலும்பும் குறையாமல் திரையில் நிற்கிறாய்.

மூடிவிடத்தான் கை போனது. மூடினால் நீ கொடுத்தது வீண். உடைந்த பல்லைத் தொடாமல், எல்லோருக்கும் வைப்பதுபோலக் கடைவாயில் சீடையின் விசையை வைத்தேன். அழுத்தம் கூடிய இடம் திரையில் சிவப்பாகும்; கன்ன எலும்பு சிவக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். சிவக்கவில்லை. அகல முகங்களுக்கு வந்த அதே பச்சைதான், கொஞ்சம் முன்னே பின்னே.

நீ ஜெயித்துவிட்டாய். "சொன்னேனா இல்லையா" என்று மேசையைத் தட்டுவாயே, அந்தத் தட்டலுக்காகக் காத்து உட்கார்ந்திருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. நாளை முதல் இங்கே எல்லோரும் உன்னை எண்ணால்தான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்வேன், குரல் உடையாமல் இருந்தால்.