இரண்டாவது கையெழுத்து

அண்ணா,

இன்று காலை ஒருவர் கடைக்குப் பத்திரிகை வைக்க வந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, தட்டில் வெற்றிலை பாக்கு. அந்த மஞ்சள் வாசனை வந்ததும் உங்கள் மேல் மறுபடி கோபம் வந்தது. நீங்கள் போய் இரண்டு வருடமாகியும் அது ஆறவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சத்திரத்தில்தான் உங்களை முதலில் பார்த்தேன். நோயாளிகளுக்குத் துணையாக வருகிறவர்கள் இலவசமாகத் தங்க, வாரிசில்லாத ஓர் அம்மாள் எழுதிவைத்த கட்டடம். நான் கிழிந்த மெத்தைகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். வார்டில் கிடந்த உங்கள் அக்காவுக்காக வெள்ளகோவிலிலிருந்து வந்து நாற்பது நாள் அங்கே தங்கியிருந்தீர்கள்.

“ஏனுங்க பாய், பஞ்சு கொஞ்சம் சேத்தி வைங்க. இங்க படுக்கறவீங்க எல்லாம் நொந்துபோயி வாரவீங்க” என்றீர்கள். என் வேலையில் யார் குறை சொன்னாலும் வள்ளென்று விழுகிறவன், பேசாமல் பஞ்சைச் சேர்த்தேன்.

அக்கா பிழைத்து ஊருக்குப் போனார். மறு வருடமே டிரஸ்டி சத்திரத்தைப் பூட்டி, நூல் மூட்டை அடுக்க வாடகைக்கு விட்டுவிட்டார். துணைக்கு வந்தவர்கள் ஆஸ்பத்திரிச் சுவரோரம் படுத்தார்கள். அக்காவைக் காட்ட வந்த நீங்கள் அதைப் பார்த்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தீர்கள்.

“கேக்க ஆளில்லீன்னு நெனச்சுப்போட்டாங்க பாய். நாம கேக்கலாமுங்க.”

பொதுத் தர்மத்தின் மேல் வழக்குப் போட, அதில் அக்கறையுள்ள இரண்டு பேராவது சேர்ந்து முதலில் கோர்ட்டின் அனுமதி கேட்க வேண்டும் என்றார் வக்கீல். தங்கியவர் நீங்கள், வேலை செய்தவன் நான். இரண்டு கையெழுத்தும் விழுந்தன. அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. ஒவ்வொரு தடவையும் முதல் பஸ்ஸில் எனக்கொரு கட்டு முருங்கைக்காயோடு வந்து இறங்குவீர்கள்.

இதற்கு நடுவில் அந்த டிரஸ்டி, மகள் கல்யாணத்துக்கு உங்கள் வீடு தேடி வந்து வெற்றிலை வைத்து அழைத்தார். நீங்கள் போனீர்கள். பந்தியில் இலைக்கு முன்னால் உட்காரவைத்து, “சத்திரத்தைத் தொறக்கத்தானுங்க இந்தப் பேப்பரு” என்று நீட்டினார். நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள். மனுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது. நான் ஒருவன் மட்டும் மிஞ்சியதால் மனு தள்ளுபடி.

“ஊடு தேடி வந்து கூப்பிட்ட மனுசங்க. அவீங்க பந்தியில உக்காந்துட்டு, படிச்சுப்பாத்துப் போடறேன்னு எப்பிடிங்க சொல்றது?” என்றீர்கள். இந்த மரியாதைதான் அந்த ஆளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து நீங்கள் மறுபடி வந்தீர்கள். புது மனு டைப் அடித்து, உங்கள் கையெழுத்தையும் போட்டு, எனக்கு இடம் விட்டிருந்தீர்கள். நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“கல்யாணச் சோத்துக்குக் கையெழுத்தக் குடுத்த ஆளோட நான் சேந்து நிக்க மாட்டனுங்ணா.”

கடையில் ஆட்கள் இருந்தார்கள். உங்கள் முகம் சுருங்கிப் போனது. காகிதத்தைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, “கோவம் தணிஞ்சா போட்டுப்போடுங்க பாய். நான் வாரேன்” என்று படியிறங்கினீர்கள். மூன்று வாரத்தில் என் கடைக்குப் பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. நெஞ்சுவலி என்றார்.

உங்களை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்றே அந்த மனுவில் கையெழுத்துப் போட்டேன். இறந்தவர் கையெழுத்து மனுவில் நிற்காது, வேறொருவரைக் கூட்டிவாருங்கள் என்றார் வக்கீல். டீக்கடைக்காரரைக் கேட்டேன், மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன், சுவரோரம் படுத்திருந்தவர்களையே கேட்டேன். “நமக்கு எதுக்குங்க வம்பு” என்றார்கள். கேட்காத ஆளில்லை. இனி யாரும் வருவார்கள் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

இரண்டு கையெழுத்தும் உள்ள அந்தக் காகிதம் என்னிடம்தான் இருக்கிறது. நேற்று பெய்த மழையில், சுவரோரம் ஓர் அம்மா நனையாத இடம் தேடிச் சாக்கை இழுத்துக்கொண்டு நடந்தார். சத்திரம் பூட்டிக் கிடப்பது டிரஸ்டியாலும், ஏமாந்துபோன உங்களாலும் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிவருகிறேன். நீங்கள் திரும்பி வந்தீர்கள், நான்தான் துரத்தினேன் என்பதை இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை அண்ணா.