தோல் கிடங்கில் கற்ற இங்கிலீஷ்

இன்று காலை ஆலங்காயம் டிஸ்பென்சரிக்கு வந்த ஒரு தோல் பதனிடும் தொழிலாளியின் கைக்கட்டை அவிழ்த்தேன். ஆவாரம்பட்டையும் ஈரத்தோலும் கலந்த அந்த வாடை குப்பென்று ஏறியது. உதவிக்கு நின்ற பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். எனக்கோ உன் நினைவு வந்து கண் கலங்கிவிட்டது. அந்த மனிதர் பயந்துபோய், "இன்னாம்மா, புண்ணு அவ்ளோ மோசமாவா இருக்குது?" என்று கேட்டார்.

காலரா நோயாளிகளைப் பார்க்கப் போன இடத்தில் அதே நோய் தொற்றி நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இரண்டு வருஷம் ஆகியும் உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் எங்கேயும் போகாதவள் நீ.

வேலூரில் நர்ஸ் படிப்புக்கு நாம் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் புதுச்சேரிக்காரி, பள்ளியில் எல்லாமே பிரெஞ்சு. அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான். பாடப் புத்தகத்தில் இருந்த நீளமான இங்கிலீஷ் வார்த்தைகள் பிரெஞ்சுக்கு அக்கா தங்கை மாதிரி இருந்தன. இன்ஃபிளமேஷனும் ரெஸ்பிரேஷனும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வார்டுக்குள் போனதும்தான் மானம் போயிற்று. கீறல், பொருக்கு, வெடிப்பு என்று நோயாளி சொல்லும் சின்னச் சின்ன விஷயங்களுக்கு என்னிடம் ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட இல்லை.

மேட்ரன் கறாராகச் சொல்லிவிட்டார். நோயாளியின் உடம்பைப் பார்த்து எளிய இங்கிலீஷில் சொல்லத் தெரியாதவளுக்கு வார்டில் வேலையில்லை. மூன்று மாதத்தில் பரீட்சை. தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் என் மாமா ஒரு குமாஸ்தா மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொண்டு, நான் எப்போது தவறுவேன் என்று காத்திருந்தார். நான் அகராதியை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். ஒரு மாதம் போனது. முதல் எழுத்தே முடியவில்லை.

"மாடி மட்டும் கட்டி வெச்சிருக்கே. ஏறிப் போறதுக்குப் படி இல்ல" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "லீவுக்கு எங்கூட ஆம்பூருக்கு வா. அங்க பாக்கறதை இங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றாய். அப்பாவுக்கு ஜவுளிக்கடையில் வேலை என்றுதான் நீ விடுதியில் சொல்லியிருந்தாய்.

காட்பாடியில் ரயிலேறிப் போனோம். உன் அப்பா ஒரு சாயபுவின் தோல் கிடங்கில் தரம் பிரிப்பவர். பதனிட்ட மாட்டுத்தோலை விரித்து, கண்ணை மூடி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். ஸ்க்ராட்ச், ஸ்கேப், க்ராக் என்று தோலிலுள்ள குறைகளை வரிசையாகச் சொல்லி, கடைசியில் 'செகண்ட் செலக்சன்', 'தேர்ட் செலக்சன்' என்று தரத்தையும் கூவுவார். சரக்கை வாங்குகிறவர்கள் வெள்ளைக்காரர்கள் என்பதால் கிடங்கில் குறைகளுக்கெல்லாம் இங்கிலீஷ் பெயர்தான். எழுதப் படிக்கத் தெரியாத அவரிடம் எனக்கு வேண்டிய வார்த்தைகள் அத்தனையும் இருந்தன.

நீ என் கையைப் பிடித்துத் தோல்மேல் வைத்தாய். "கண்ணை மூடு. இது ஸ்கேப், புண்ணு காஞ்ச பொருக்கு. இது க்ராக், வெடிப்பு. கை சொல்றதை வாய் சொல்லட்டும்."

உன் அப்பாவுக்குச் சிரிப்பு. "நம்ம கெடங்கு பேச்சு ஆஸ்பத்திரிக்கு ஆவுமா?"

"மாட்டுக்கும் தோலு, மனுசனுக்கும் தோலு. ஆவும் நைனா" என்றாய்.

முதல் நாள் முந்தானையால் மூக்கை மூடியபடியே நின்றேன். நான்காம் நாள் உன் அப்பா வாயைத் திறக்குமுன் நான் குறையைச் சொன்னேன். அகராதியை ஒரு மாதம் உருப்போட்டும் ஒட்டாதது விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது.

பரீட்சையன்று எல்லாப் பெண்களும் வார்டில் வரிசையாக நின்றார்கள். எனக்கு ஒரு கிழவரின் கால் கிடைத்தது. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். வார்த்தைகள் தானாக வந்தன. ஸ்க்ராட்ச் இரண்டு, பழைய ஸ்கேப் ஒன்று, குதிகாலில் க்ராக். அந்த வேகத்திலேயே, உன் அப்பாவின் ராகத்தில், "தேர்ட் செலக்சன்" என்றும் கூவிவிட்டேன்.

"அது என்ன, எங்கே கற்றாய்?" என்று மேட்ரன் கேட்டார். சொன்னால் உன் குட்டு வெளிப்படும். சொல்லாவிட்டால் என் படிப்பு போகும். உனக்காக வாயை மூடிக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. தோல் கிடங்கில் கற்றேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. தரையைப் பார்த்தபடி நின்றேன்.

நீ வரிசையிலிருந்து முன்னால் வந்தாய். "என் அப்பா ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கிறார், மேடம். அது அவருடைய வார்த்தை. நான்தான் இவளை அழைத்துப்போனேன்" என்று தெளிவான இங்கிலீஷில் சொன்னாய். மேட்ரன் கிழவரின் காலைக் குனிந்து பார்த்தார். "கடைசி வார்த்தையை விட்டுவிடு. மற்றதெல்லாம் சரி" என்று என் பெயருக்கு எதிரே தேர்ச்சி என்று எழுதினார்.

அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நம் பக்கத்திலிருந்த மூன்று பேர் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். நான் எழுந்துவிடப் பார்த்தேன். நீ என்னவோ நிதானமாக ரசத்தை ஊற்றிப் பிசைந்தாய். "இடம் ஜாஸ்தியாச்சி. காலை நீட்டி நல்லா குந்து" என்றாய். ஒரு வாரத்தில் அந்த மூவரில் ஒருத்தி, தனக்கும் அந்த வார்த்தைகளைச் சொல்லித் தரச் சொல்லி உன்னிடமே வந்தாள். நீ சொல்லிக் கொடுத்தாய். நானாக இருந்தால் ஒரு மாதமாவது அலைய விட்டிருப்பேன்.

இப்போது என்னிடம் இரண்டு பெண்கள் வேலை பழகுகிறார்கள். இத்தனை நல்ல இங்கிலீஷ் எங்கே படித்தீர்கள், புதுச்சேரியிலா, வேலூரிலா என்று கேட்கிறார்கள். ஆம்பூரில், என் தோழியின் அப்பா வேலை பார்த்த தோல் கிடங்கில் என்கிறேன். அவர்கள் கண்ணைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.