ஒரு கட்டில் வைத்த வேன்

என்னங்க,

படுத்து உறங்கும் வசதியோடு ஒரு வேன் வாங்க வங்கியில் கடன் கேட்டிருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. பள்ளி விடுமுறையில் ஊர் சுற்ற என்று அங்கே சொன்னேன். எப்போது திரும்புவேன் என்று அவர்கள் கேட்கவில்லை.

இன்று போனால், அங்கே வேலை செய்யும் என் பழைய மாணவி புஷ்பராணி சிரிக்கிறாள். "லோன் பாஸ் ஆயிருச்சு டீச்சர். சார் நேத்தே வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டுட்டாரு."

"எந்த சார்?"

"உங்க வீட்டுக்காரருதான் லா! புருஷன் கையெழுத்து வேணும்னு மேனேஜர் போன் பண்ணாரு. சார் வந்து வேன் படத்தைப் பார்த்துட்டு, கட்டில் ஒன்னுதானான்னு கேட்டாரு. ஆமான்னேன். பேனா கேட்டாரு."

நேற்று இரவு என் எதிரில்தானே சாப்பிட்டீர்கள்? மீன் குழம்பில் உப்புக் குறைவு என்றுகூடச் சொன்னீர்கள்.

நான் போகட்டும் என்று கையெழுத்துப் போட்டீர்களா? இல்லை, நானும் வரட்டுமா என்று கேட்கத் தெரியாமல் போட்டீர்களா? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

வேனுக்குள் கட்டில் அடிக்கும் ஜெலுத்தோங் பட்டறையில் திங்கட்கிழமை பலகை அறுக்கிறார்கள். ஒரு கட்டில்தானே என்று மறுபடி கேட்டார்கள். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு வீட்டில் இருக்கும்
உங்கள் மனைவி